நம்பரைச் சொல்வதற்கு முன் குழலைக் கவிழ்த்துப் பாருங்கள்

வாசகர் கேள்வி பதில்

பழைய துப்பாக்கி வைத்திருக்கிறவர்களிடமிருந்து வரும் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: "சீரியல் நம்பர் இது, எந்த வருஷத்துத் துப்பாக்கி?" தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை, அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. எல்லாருக்கும் பொதுவாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆதார் எண் மாதிரி எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவான ஒரே வரிசை என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு பட்டறையும் தன் பேரேட்டில் தானே போட்டுக்கொண்ட எண் அது. ஒரு பட்டறையில் 20,000 என்பது அரை நூற்றாண்டு உழைப்பாக இருக்கும், இன்னொரு ஃபேக்டரியில் அது முதல் ஒன்றிரண்டு வருஷத்துக் கணக்காக இருக்கும். செய்தது யார் என்று தெரியாமல் எண்ணை மட்டும் எழுதினால் யாராலும் வருஷம் சொல்ல முடியாது. அப்புறம், கீழே சொல்வதையெல்லாம் லைசென்ஸ் உள்ளவர்தான் செய்ய வேண்டும், தோட்டா உட்காரும் இரண்டு அறையும் காலியா என்று திறந்து கண்ணால் பார்த்த பிறகுதான் செய்ய வேண்டும். திறக்கத் தயக்கமாக இருந்தால் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையில் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி வாசகர்: எங்கள் தென்னந்தோப்பு வீட்டில் தாத்தா காலத்து 12 போர் இரட்டைக்குழல் இருக்கிறது, இப்போது என் பெயரில் லைசென்ஸ். மேலே 'வெப்ளி அண்ட் ஸ்காட் லிமிடெட், பர்மிங்ஹாம்' என்று இருக்கிறது, ஆறு இலக்க எண். 1890 வாக்கில் ஒரு வெள்ளைக்காரத் துரை கொடுத்தது என்று வீட்டில் சொல்வார்கள். நம்பரை வைத்து உறுதி செய்ய முடியுமா? குழலின் அடியில் '3 டன்ஸ்', '2½ அங்குலம்' என்றும், குறுக்காகப் போட்ட இரண்டு வாள் மாதிரி ஒரு சின்ன முத்திரையைச் சுற்றி எஃப், பி, ஒரு எண் என்றும் இருக்கிறது.

முத்திரைகளையும் சேர்த்து எழுதியதற்கு நன்றி, உங்கள் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது. முதலில் பெயரைப் பார்ப்போம். வெப்ளி, ஸ்காட், எல்லிஸ் என்ற மூன்று பர்மிங்ஹாம் கம்பெனிகள் 1897இல் ஒன்றாகச் சேர்ந்தன. அப்போது வைத்த பெயர் நீளமானது, அதில் ரிவால்வர் என்ற சொல்லும் உண்டு. 'வெப்ளி அண்ட் ஸ்காட் லிமிடெட்' என்று சுருக்கியது 1906இல். ஆக, அந்தப் பெயரைத் தாங்கிய துப்பாக்கி 1890இல் இருந்திருக்கவே முடியாது. நம்பரைத் தொடாமலே இவ்வளவு தெரிந்துவிட்டது.

அடுத்தது '3 டன்ஸ்'. இங்கிலாந்தில் செய்த எந்தக் குழலும் விற்பனைக்கு வருவதற்கு முன்னால் ப்ரூஃப் ஹவுஸ் என்ற சோதனைக் கூடத்துக்குப் போயாக வேண்டும். லண்டனில் ஒன்று, பர்மிங்ஹாமில் ஒன்று, பர்மிங்ஹாம் கூடம் 1813இல் வந்தது. வழக்கத்தைவிட அதிகமான மருந்தைப் போட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கினால் முத்திரை குத்துவார்கள். என்ன முத்திரை குத்த வேண்டும் என்ற விதி சில முறை மாறியிருக்கிறது, நமக்கு உதவுவது அந்த மாற்றங்கள்தான். சதுர அங்குலத்துக்கு இத்தனை டன் அழுத்தம் என்று குத்துகிற வழக்கம் 1954 விதியோடு வந்தது. அதற்கு முன்னால் '1⅛ அவுன்ஸ்' என்பது போல ஈயக் குண்டுகளின் எடையைத்தான் குத்தினார்கள். அதனால் உங்கள் குழல் 1954க்கு முந்தியது இல்லை.

மிச்ச வேலையை அந்த வாள் முத்திரை செய்துவிடுகிறது. பர்மிங்ஹாம் கூடத்தில் தங்கள் சொந்தக் கணக்குக்காக வருஷத்துக்கு ஒரு எழுத்து வைத்திருந்தார்கள். 1921இலிருந்து 1941 வரை ஒரு சுற்று, அப்புறம் 1950இல் மறுபடி 'ஏ'யில் தொடங்கி 1974இல் 'இசட்' வரை ஒரு சுற்று, நடுவில் 'ஐ' மட்டும் கிடையாது. 'பி' என்பது பர்மிங்ஹாம், எண் சோதித்தவருடைய அடையாளம், 'எஃப்' என்பது வருஷம். எண்ணிப் பாருங்கள், 1955 வரும். வெப்ளியின் நம்பர் பட்டியலில் பிறகு தேடினாலும் இந்த வருஷத்தையொட்டித்தான் பார்க்க வேண்டும்.

துரை கொடுத்த கதை பொய் என்று நான் சொல்லவில்லை. துரை இன்னொரு துப்பாக்கி கொடுத்திருக்கலாம், அது கைமாறிப் போய் இது வந்திருக்கலாம். 1950களில் ஒரு தோப்புக்காரர் பர்மிங்ஹாம் துப்பாக்கி வாங்கியதும் சாதாரண விஷயமில்லை, அதுவே எழுதி வைக்க வேண்டிய குடும்ப வரலாறு. பழைய லைசென்ஸ் புத்தகம் பெட்டியில் கிடந்தால் தேடுங்கள். வாங்கிய தேதியும் கடைப் பெயரும் அதில் இருக்க வாய்ப்பு உண்டு, அது கிடைத்துவிட்டால் இந்த எழுத்துக் கணக்குகூட இரண்டாம்பட்சம்.

'2½ அங்குலம்' என்பதைத் தயவுசெய்து சாதாரணமாக விடாதீர்கள். தோட்டா உட்காரும் அறையின் நீளம் அது, சுமார் 65 மில்லிமீட்டர். இன்று கடையில் பரவலாகக் கிடைப்பது 70 மில்லிமீட்டர் தோட்டா. அது அந்த அறைக்குள் போகும், துப்பாக்கி மூடிக்கொள்ளவும் செய்யும், அதனால் பொருந்துகிறது என்றே தோன்றும். அந்த நீளம் சுட்டு விரிந்த பிறகு உள்ள நீளம், விரிய இடமில்லாமல் தோட்டாவின் வாய் அறை முடிகிற குறுகலில் போய் முட்டினால் அழுத்தம் ஏறும். தோட்டா வாங்கும்போது பெட்டி மேல் நீளம் போட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

கோத்தகிரி வாசகர்: வெளியே இரண்டு குதிரை வைத்த பழைய துப்பாக்கி. குழல் மேல் பாம்புத் தோல் மாதிரி வரிவரியாக இருக்கிறது. மேல் பட்டையில் 'பி.ஆர். அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று இருக்கிறது. சென்னையில் செய்ததா? அடியில் '13/1' என்று இருப்பது ஜனவரி 13 என்ற தேதியா? மூன்று இடத்தில் மூன்று வெவ்வேறு எண்கள் வேறு.

நீங்கள் அனுப்பிய படம் தெளிவாக இருக்கிறது, நன்றி. 13/1 தேதி இல்லை. குழலின் உள்விட்டம் அது. '12 போர்' என்பது ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால் ஒரு உருண்டை என்ன விட்டம் வருமோ அந்த விட்டம், அதாவது 0.729 அங்குலம். 13 என்றால் 0.710. இரண்டுக்கும் நடுவே 0.719 வருகிற குழலுக்கு 13/1 என்று குத்தினார்கள். 12 போர்த் துப்பாக்கியிலேயே 13 என்றும் 13/1 என்றும் இருப்பது சகஜம், குழலைக் கடைந்தவர் கொஞ்சம் இறுக்கமாக விட்டிருக்கிறார், அவ்வளவுதான். 12 போருக்குச் செய்த துப்பாக்கிதான் என்பதை, சாய்சதுரக் கட்டத்துக்குள் 12, அதன் கீழ் 'சி' என்று குத்திய இன்னொரு முத்திரை சொல்கிறது.

அந்தச் சாய்சதுர முத்திரை 1887 விதியில் வந்தது. பக்கத்திலேயே கிரீடத்துக்குக் கீழே இரண்டு செங்கோல் குறுக்காகப் போட்ட முத்திரையும் தெரிகிறது, அது பர்மிங்ஹாம் கூடத்தின் பழைய முத்திரை, 1904இல் நிறுத்திவிட்டு கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி., என்.பி. என்ற எழுத்துகளுக்கு மாறிவிட்டார்கள். ஆக, 1887க்கும் 1904க்கும் நடுவே. இதற்கு மேல் நெருங்க வேண்டுமானால் செய்தவரின் பேரேடு வேண்டும், அங்கேதான் சிக்கல்.

ஏனென்றால் பி.ஆர். அண்ட் சன்ஸ் என்பது விற்றவர் பெயர். மவுண்ட் ரோட்டில் இன்றும் கட்டடம் நிற்கிற, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய கடிகாரக் கடைதான். கடிகாரம், வெள்ளிச் சாமானோடு துப்பாக்கியும் விற்றார்கள். அந்தக் காலத்தில் பர்மிங்ஹாமில் தெருத்தெருவாகப் பட்டறைகள். ஒருவர் குழல், ஒருவர் பூட்டு, ஒருவர் கட்டை, இன்னொருவர் சித்திர வேலை என்று பிரித்துச் செய்து, ஆர்டர் கொடுத்த கடையின் பெயரையே மேல் பட்டையில் வெட்டி அனுப்பிவிடுவார்கள். இந்தச் சோதனை முத்திரைகள் இருப்பதால் உங்களுடையதும் பர்மிங்ஹாம் வழியாக வந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எந்தப் பட்டறை என்று பட்டையில் இல்லை, அந்தச் சின்னப் பட்டறைகள் பலவற்றின் பேரேடுகள் இன்று கிடையாது.

மூன்று எண்களுக்கு வருகிறேன். விசைக் காப்பு வளையத்தின் வாலில், கட்டையை ஒட்டி, நன்றாகப் பெரிதாக வெட்டியிருக்கிறதே, அதுதான் சீரியல் நம்பர். அதே எண் குழலின் அடியிலும் முன்கட்டையின் இரும்பிலும் இருக்க வேண்டும், மூன்றும் ஒத்துப்போனால் பாகம் எதுவும் மாறவில்லை என்று அர்த்தம். முன்கட்டை இரும்பில் 'ஆன்சன்ஸ் பேடண்ட்' என்ற எழுத்தை ஒட்டி இருக்கும் எண் சீரியல் இல்லை. ஒருவர் கண்டுபிடித்த அமைப்பை மற்றவர் பயன்படுத்தினால் ஒவ்வொன்றுக்கும் காசு கட்ட வேண்டும், அந்தக் கணக்கின் எண் அது. இந்த எண்ணைச் சீரியல் என்று நினைத்துப் பட்டியலில் தேடி, துப்பாக்கியின் வயசைப் பல வருஷம் தள்ளிச் சொல்கிறவர்கள் நிறைய. மூன்றாவது எண் குழலைச் செய்த இடத்தில் போட்டது, அதை விட்டுவிடலாம்.

அந்தப் பாம்புத் தோல் வரி, இரும்பையும் எஃகையும் கம்பியாக முறுக்கிச் சுற்றி அடித்த டமாஸ்கஸ் குழலுக்கு உரியது. அழகான வேலை. கரிமருந்து காலத்துக் குழல் இது, புகையில்லா மருந்துக்குச் சோதித்ததைக் காட்டும் என்.பி. முத்திரை உங்கள் படங்களில் எங்கேயும் இல்லை. இன்றைய தோட்டாவை இதில் போடவே கூடாது. உள்ளுக்குள் துரு எங்கே தின்றிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, இடது கை குழலைப் பிடித்திருக்கும் இடத்திலேயே வெடிக்கலாம். லைசென்ஸில் இருக்கட்டும், எண்ணெய் தடவிப் பத்திரமாக வையுங்கள், சுட வேண்டாம். வரியைப் பளபளப்பாக்குகிறேன் என்று யாராவது பஃப் போட முன்வந்தால் அனுப்பிவிடுங்கள், முதல் தேய்ப்பிலேயே முத்திரை போய்விடும்.

புதுக்கோட்டை வாசகர்: 'ஆர்மி அண்ட் நேவி சி.எஸ்.எல்.' என்று எழுதியிருக்கிறது. ராணுவத் துப்பாக்கியா? மேல் நெம்புகோலில் தங்கத்தில் '2' என்று பதித்திருப்பது என்ன?

ராணுவத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு, வாங்கியவர்கள் பலர் அதிகாரிகள் என்பது மட்டுமே. சி.எஸ்.எல். என்பது கூட்டுறவுச் சங்கம். அதிகாரிகளும் அவர்கள் குடும்பமும் மலிவு விலையில் சாமான் வாங்க லண்டனில் வைத்த பெரிய கடை. பம்பாயில் 1891இலும் கல்கத்தாவில் 1901இலும் கிளை திறந்தார்கள். இந்தியாவில் இந்தப் பெயரோடு துப்பாக்கி கிடைப்பது அதனால்தான். 1934இல் கடை பெயரை மாற்றிக்கொண்டது, எனவே சி.எஸ்.எல். என்று இருந்தால் அதற்கு முந்தியது.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. இவர்களும் வேறு பட்டறைகளில் செய்து வாங்கித்தான் விற்றார்கள், ஆனால் எண் தங்கள் கணக்கில் போட்டார்கள், அந்தப் பேரேடுகள் அழியாமல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எண்ணைத் தெளிவாக எழுதி, படத்தோடு அவர்களுக்கு அனுப்புங்கள். பதிவு இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது வெறும் வருஷமாக இருக்காது, பேரேட்டின் வரியாகவே இருக்கும். ஒரு துப்பாக்கியைப் பற்றி இதைவிட நல்ல சான்று கிடையாது.

தங்க '2' என்பது ஜோடியில் இரண்டாவது. பறவைகளை விரட்டிவிட்டுச் சுடுகிற இங்கிலாந்து வேட்டையில் ஒன்றைச் சுடும்போது உதவியாள் இன்னொன்றில் தோட்டா போட்டு நீட்டுவார், அதற்காக ஒரே எடை, ஒரே அளவில் இரண்டு செய்து 1, 2 என்று பதிப்பார்கள். சீரியல் நம்பரும் அடுத்தடுத்து இருக்கும். உங்கள் எண்ணுக்கு ஒன்று குறைவான எண்ணில் ஒரு துப்பாக்கி எங்கேயோ இருந்திருக்கிறது. பேரேட்டில் அதையும் கேட்டுப் பாருங்கள்.

வவுனியா வாசகர்: பெரியப்பாவின் பெயரில் இருந்து இப்ப என்ர பெயருக்கு மாறின துவக்கு. வயலுக்குப் பன்றிக் காவலுக்கு எடுத்தது, கச்சேரியில வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கிறம். செய்தவர் பெயர் ஒண்டும் இல்லை, 'மேட் இன் பெல்ஜியம்' எண்டு மட்டும். முட்டை வட்டத்துக்குள்ள ஈ.எல்.ஜி., மேல கிரீடம், கீழ நட்சத்திரம். பக்கத்தில சின்ன எழுத்து 'கே'. 18.4 எண்டும் ஒரு இலக்கம். இதில எது சீரியல்?

பெல்ஜியத்தில் லியேஜ் என்ற ஊர்தான் துப்பாக்கித் தொழிலின் தலைநகர், ஈ.எல்.ஜி. என்பது அங்குள்ள சோதனைக் கூடத்தின் முத்திரை. கிரீடம் இல்லாத முட்டை வட்டம் பழையது, கிரீடம் வந்தது 1893இல். வருஷ எழுத்து வந்தது 1922இல். சின்ன எழுத்து 'ஏ'யில் தொடங்கி 1947இல் 'இசட்'டில் முடிந்தது, அதன் பிறகு பெரிய எழுத்து. 'கே' பதினோராவது எழுத்து, அப்படியென்றால் 1932. பெரியப்பாவுக்கு முன்னால் இன்னொரு கை இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், வீட்டில் விசாரியுங்கள்.

18.4 என்பது மில்லிமீட்டரில் குழலின் உள்விட்டம். 1 கே 350 என்பது போல ஒன்று இருந்தால் அது குழலின் எடை, ஒரு கிலோ 350 கிராம். பிறகு யாராவது குழலைக் கடைந்தோ தேய்த்தோ விட்டால் எடை குறைந்து கண்டுபிடித்துவிடலாம், அதற்காகக் குத்தியது. இவை இரண்டும் சீரியல் இல்லை. உங்கள் லைசென்ஸில் என்ன இலக்கம் பதிந்திருக்கிறது என்று பார்த்து, அதே இலக்கம் துவக்கில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள், அதுதான் உங்களுக்குச் சீரியல். பெயர் இல்லாமல் லியேஜிலிருந்து உலகமெங்கும் போன துவக்குகளுக்கு நம்பரை வைத்து வருஷம் தேட வழியே இல்லை, எழுத்து இருப்பது உங்கள் அதிர்ஷ்டம்.

கோலாலம்பூர் வாசகர்: இத்தாலித் துப்பாக்கி, பெரெட்டா. குழலில் சின்னக் கட்டத்துக்குள் 'எக்ஸ் எக்ஸ் 8' என்று இருக்கிறது.

1972. இத்தாலியில் போருக்குப் பிறகு ரோமன் எண்ணில் வருஷத்தை எண்ணினார்கள், 1954 என்றால் 'எக்ஸ்', 1974 என்றால் மூன்று 'எக்ஸ்'. நடுவில் 1971, 72, 73க்கு மட்டும் கலந்து எழுதினார்கள். 1975இலிருந்து 'ஏ ஏ', 'ஏ பி' என்று இரண்டு எழுத்து.

டொராண்டோ வாசகர்: லைசென்ஸ் எடுத்திருக்கிறேன், பழைய துப்பாக்கிகள் விற்கும் கடையில் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கூயி 84, ஒற்றைக்குழல், அதில் சீரியல் நம்பரே இல்லை. திருட்டுத் துப்பாக்கியாக இருக்குமோ என்று பயம். இன்னொன்று ப்ரௌனிங் ஆட்டோ-5, எண் '68 ஜி' என்று தொடங்குகிறது.

கூயி உங்கள் ஒன்டாரியோவிலேயே, கோபர்க் என்ற ஊரில் செய்தது. பண்ணைக்காரர்களுக்காக மலிவாகச் செய்த உறுதியான துப்பாக்கி, பழையவற்றில் பலதுக்கு எண் கிடையாது. அமெரிக்காவிலும் அப்படித்தான், 1968 சட்டம் வந்த பிறகுதான் எல்லாத் துப்பாக்கிக்கும் எண் கட்டாயம், அதற்கு முன் மலிவான ஷாட்கன்கள் எண் இல்லாமலே ஏராளமாக விற்றன. எண் இல்லாமலே பிறந்தது வேறு, இருந்த எண்ணை அராவியது வேறு. எண் இருக்க வேண்டிய இடத்தில் உலோகம் பள்ளமாகவோ, மற்ற இடத்தைவிடப் பளிச்சென்றோ இருந்தால் தொடாதீர்கள், ஒரே சீரான பழைய நிறமாக இருந்தால் பயம் வேண்டாம். வருஷத்துக்குக் கம்பெனிப் பெயரைப் படியுங்கள். 1961இல் கூயியை அமெரிக்காவின் ஒலின் வாங்கிவிட்டது, அவர்கள்தான் வின்செஸ்டருக்கும் சொந்தக்காரர்கள். குழலில் கூயி பெயரும் கோபர்க்கும் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது, வின்செஸ்டர் அல்லது ஒலின் பெயர் வந்தால் பிந்தியது.

ப்ரௌனிங் நேர் எதிர். வருஷத்தை எண்ணுக்குள்ளேயே வைத்திருக்கிற அபூர்வமான கம்பெனி. 68 என்றால் 1968, ஜி என்றால் எடை குறைந்த 12 போர். 1958இல் இந்த முறை தொடங்கியபோது ஒரே இலக்கம்தான், '8 ஜி' என்றால் 1958. எழுபதுகளின் நடுவிலிருந்து வருஷத்தையும் எழுத்தாக்கிவிட்டார்கள், இசட் 1, ஒய் 2, எக்ஸ் 3, டபிள்யூ 4, வி 5, டி 6, ஆர் 7, பி 8, என் 9, எம் 0. 'ஆர் டி' என்றால் 76.

அதே கடையில் ரெமிங்டன் ஏதாவது கண்ணில் பட்டால் எண்ணை விட்டுவிட்டு, குழலின் இடப்பக்கம், உடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். 1921இலிருந்து அங்கே முதல் எழுத்து மாதம், அடுத்தது வருஷம். மாதங்களுக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது 'பிளாக் பவுடர் எக்ஸ்' என்பதன் பன்னிரண்டு ஆங்கில எழுத்துகள், முதல் எழுத்து 'பி' ஜனவரி, கடைசி 'எக்ஸ்' டிசம்பர். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், அந்தக் குழல் என்றைக்குச் செய்தது என்பதைத்தான் அது சொல்லும். ரெமிங்டனில் குழல் மாற்றுவது சுலபம், உடல் வேறு வருஷமாக இருக்கலாம்.

மதுரை வாசகர்: அப்பா காலமான பிறகு லைசென்ஸை மாற்ற மனு கொடுத்திருக்கிறேன். துருவில் நம்பர் பாதி மறைந்துவிட்டது, ஆய்வுக்குக் கேட்டால் என்ன செய்வது? லேத் பட்டறையில் ஆழமாகத் திரும்ப வெட்டித் தருகிறேன் என்கிறார்கள். நூறு வருஷம் தாண்டிய துப்பாக்கிக்கு லைசென்ஸே வேண்டாம் என்றும் ஒருவர் சொன்னார்.

இரண்டையும் கேட்காதீர்கள். ஆயுதச் சட்டம் 1959இன் 8ஆம் பிரிவு, துப்பாக்கியில் உள்ள பெயரையோ எண்ணையோ அழிப்பது, அகற்றுவது, மாற்றுவது, போலியாகப் போடுவது எல்லாவற்றையும் தடை செய்கிறது. நல்லெண்ணத்தில் திரும்ப வெட்டினாலும் பார்க்கிறவர் கண்ணுக்கு அது எண்ணை மாற்றிய துப்பாக்கிதான். நூறு வருஷக் கதையும் தவறு. பழங்காலப் பொருள் என்று விலக்கு தருகிற 45ஆம் பிரிவில் வயசு வரம்பு எதுவும் இல்லை, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாததாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. 1890இல் செய்த துப்பாக்கி இன்று சுடும் என்றால் லைசென்ஸ் வேண்டும், அவ்வளவுதான்.

லைசென்ஸ் உங்கள் பெயருக்கு வரும் வரை துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது, காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கியிருக்க வேண்டும். இன்னும் செய்யவில்லை என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள். ஒப்படைத்த கடையிலேயே எண்ணைப் படிக்கச் சொல்லலாம். மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் ஊறவிட்டு, பழைய பல் பிரஷால் மெதுவாகத் துடைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் எழுத்தின் ஓரம் நிழலாக விழும். மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் லேசாகத் தேய்த்தால் இன்னும் தெளிவாக வரும். உப்புத்தாள், கம்பி பிரஷ், அமிலம் எதுவும் கூடாது. விசைக் காப்பில் போனாலும் குழலடியிலோ முன்கட்டை இரும்பிலோ அதே எண் துருப்பிடிக்காமல் இருக்கும், அங்கே கட்டாயம் பாருங்கள். அப்படியும் படிக்க முடியாவிட்டால், அப்பாவின் லைசென்ஸ் நகலை வைத்து உள்ளதை உள்ளபடி கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள். இரண்டுக்கு மேல் துப்பாக்கி இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுதான் வைத்திருக்கலாம்.

சென்னை வாசகர்: இணையத்தில் இரண்டு நம்பர் பட்டியல் பார்த்தேன். என் துப்பாக்கிக்கு ஒன்று 1926 என்கிறது, இன்னொன்று 1930 என்கிறது. எதை நம்புவது?

இரண்டும் நேர்மையான பட்டியலாகவே இருக்கலாம். வருஷம் என்று எதைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். உடலை அராவி எண் போட்ட நாளா, முழுத் துப்பாக்கியாகச் சோதனைக்குப் போன நாளா, கடையில் விற்ற நாளா? அமெரிக்காவில் வின்செஸ்டர் பதிவுகள் வயோமிங் மாநிலத்தில் கோடி என்ற ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, அங்கே மாடல் 12க்குக் கேட்டால் கிடைப்பது எண் பொறித்த தேதி. பொறித்த உடல் தட்டில் கிடந்து பிறகு துப்பாக்கியாகியிருக்கலாம். இங்கிலாந்துப் பட்டறைகளில் ஆர்டர் இல்லாத காலத்தில் பாதி வேலை முடிந்த துப்பாக்கிகள் எண்ணோடு காத்திருந்தது உண்டு. 1930 வாக்கில் உலகம் முழுக்க வியாபாரம் படுத்துக் கிடந்த காலம், அப்போது நான்கு வருஷ இடைவெளி ஆச்சரியமே இல்லை. புதிதாகக் கடை வைத்தவர்கள் அனுபவசாலி என்று தோன்றுவதற்காக 1இல் தொடங்காமல் ஆயிரக்கணக்கில் தொடங்கியதும் நடந்திருக்கிறது. பேரேடு தொலைந்த கம்பெனிக்கு, கண்ணில் பட்ட துப்பாக்கிகளை வைத்துப் பிற்காலத்தில் யாரோ அக்கறையுள்ளவர் தொகுத்த பட்டியல்தான் நம்மிடம் இருக்கிறது, அது அவர் பார்த்தவற்றின் கணக்கு.

என் முறை இது. முதலில் முத்திரையைப் பார்த்து 'இதற்கு முந்தியது இல்லை, இதற்குப் பிந்தியது இல்லை' என்று இரண்டு எல்லை போட்டுக்கொள்வேன். பட்டியல் சொல்லும் வருஷம் அதற்குள் விழுந்தால் ஏற்றுக்கொள்வேன், வெளியே விழுந்தால் பட்டியலைத்தான் சந்தேகிப்பேன். ஒரே ஒரு விதிவிலக்கு, குழல் மாறியிருப்பது. தேய்ந்த குழலை வெட்டிவிட்டுப் பின்பகுதியில் புதிய குழாயைச் செருகுவார்கள், இங்கிலாந்தில் அப்படிச் செய்தால் 'ஸ்லீவ்டு' என்று குத்தி மறுபடி சோதிப்பார்கள், அப்போது புதிய முத்திரை அந்த ரிப்பேரின் வயசையே சொல்லும். குழலைச் சுற்றி மெல்லிய வளையமாக ஒரு கோடு தெரிகிறதா என்று பாருங்கள், அறையிலிருந்து சில அங்குலம் தள்ளி இருக்கும்.

உங்கள் கடிதத்தில் கம்பெனிப் பெயரே இல்லை. அடுத்த முறை எழுதும்போது மேல் பட்டையில் உள்ள பெயரும் முகவரியும், குழலின் அடிப்பக்கம், உடலின் தட்டைப் பகுதி, முன்கட்டை இரும்பு, விசைக் காப்பின் வால், இவ்வளவுக்கும் படம் அனுப்புங்கள். தெருப் பெயர் வரைக்கும் முக்கியம். பர்டி கம்பெனி ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலிருந்து சவுத் ஆட்லி தெருவுக்கு மாறியது 1880களின் தொடக்கத்தில், அந்த முகவரி ஒன்றே பல துப்பாக்கிகளுக்கு எல்லைக்கோடு போட்டுவிடுகிறது. சீரியல் நம்பரின் கடைசி இரண்டு இலக்கத்தைப் படத்தில் மறைத்து அனுப்பினால் போதும், முழு எண்ணை வெளியில் கொடுக்க வேண்டாம்.